மினிபஸ் போற ரோடா பாத்து ஓட்டுங்க

பைபாஸ்ல சைக்கிள் ஓட்டுறத நிறுத்தி மூணு வருஷமாச்சு. தஞ்சாவூர்லேர்ந்து திருச்சி போற நாலு வழிச்சாலைதான், காலைல அஞ்சே முக்கால் இருக்கும், வெள்ளக்கோட்டுக்கு வெளிய ஓரமா ஒழுங்காத்தான் போயிட்டிருந்தேன், எதிர்ல ராங் சைடுல ஒரு பைக் வருது, ரெண்டு பக்கமும் பால் கேன், ஹெட்லைட் கிடையாது. அவரயும் சொல்லி குத்தமில்ல, யூ டர்ன் எங்கயோ தள்ளி இருக்கு, தினம் பால் ஊத்துற மனுஷன் அவ்ளோ தூரம் போய் சுத்திட்டா வருவாரு? அவருக்கு வழி விட நான் வலது பக்கம் ஒதுங்கணும், ஒதுங்குனா பின்னாடி டாரஸ் லாரி. அந்த ஹாரன் இன்னும் காதுல இருக்கு. லாரிக்காரர் எப்படியோ ஒடிச்சு வெட்டிப் போயிட்டாரு. நான் சைக்கிள கம்பில சாச்சு வச்சிட்டு கை நடுக்கம் நிக்கிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்.

புதுசா ரோடு பைக்குன்னு மெல்லிசு டயர் சைக்கிள் வாங்குறவங்க எல்லாரும் முதல்ல போறது ஹைவேதான். "ரோடு வழவழன்னு இருக்கு, ஓரத்துல தனியா இடம் விட்ருக்கான், சேஃப்"ங்கறாங்க. அந்த ஓரம் சைக்கிளுக்கு விட்டதுன்னு யாரு சொன்னது? நின்னுபோன லாரி, இளநி வண்டி, ராங் சைடு பைக் எல்லாத்துக்கும் அதான் வீடு. போதாக்குறைக்கு லாரி டயர் வெடிச்சா அதுலேர்ந்து வர்ற மயிர் மாதிரி கம்பி பூரா அங்கதான் கிடக்கும், என்ன டயர் போட்டாலும் குத்தும்.

என் கணக்கு வேற. மினிபஸ் ஓடுற ரோடுதான் சைக்கிளுக்கு நல்ல ரோடு. 97ல முதல்ல மினிபஸ் வந்ததே பெரிய பஸ் போகாத ஊருக்கு போகத்தான், 2025 ஜூன்ல புது திட்டத்தயும் எங்க தஞ்சாவூர்லதான் தொடங்கி வச்சாங்க. மினிபஸ் போகுதுன்னா தார் இருக்கும், ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு இல்லாட்டியும் ரெண்டு ஸ்டாப்புக்கு ஒரு டீக்கடை இருக்கும், பஞ்சர்னா உதவிக்கு ஆள் இருக்கும், சைக்கிள மேல ஏத்திக்கறேன்னு சொல்ற டிரைவரக் கூட பாத்திருக்கேன். ஒத்தத் தார் ரோடு 3.75 மீட்டர்தான் அகலம், நாலு சக்கர வண்டி எதிர எதிர வந்தா ரெண்டு பேரும் ஒரு பக்க சக்கரத்த மண்ணுல எறக்கித்தான் ஆகணும், அதனால எவனும் எண்பதுல வர முடியாது. அகலமான ரோடு பாதுகாப்புன்னு நினைக்கிறது காருக்கு சரி, நமக்கு அப்படியே தலைகீழ்.

வழி தெரியலன்னா மைல்கல்ல பாருங்க. தலையில மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநிலம், ஆரஞ்சுன்னா மத்திய அரசு போட்ட கிராமச் சாலை. நான் ஆரஞ்சு கல்லு கண்ணுல பட்டா போதும், எங்க போகுதுன்னு கூட பாக்காம திரும்பிருவேன். சைக்கிள் ஓட்டுறவங்க போற வழிய பதிஞ்சு வைக்கிற ஆப்புதான் ஸ்ட்ராவா, அதுல நிறைய பேர் போற ரோட்ட பளிச்சுன்னு காட்டுற ஹீட்மேப்ப நம்பாதீங்க. எங்க பக்கம் நான் பாத்தப்ப பைபாஸ்தான் பளபளன்னு எரிஞ்சிட்டிருந்துச்சு, ஏன்னா ஸ்ட்ராவா போட்டு ஓட்டுறவன் எல்லாம் அங்கதான போறான். தினம் சைக்கிள்ல வயலுக்குப் போற பெரியவரு என்ன ஸ்ட்ராவாவா போடுறாரு?

சரி, எங்க போறதுன்னு கேக்குறவங்களுக்கு நான் காட்டுறது ஏழூர் வழி. சித்திரைல ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்குல கிளம்பி திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம்னு சுத்தி மறுபடி திருவையாறு வருவாரே, அதே ஊருங்கதான். ஆளுங்க பல்லக்க தோள்ல தூக்கிட்டு நடக்குற தூரம், அதனால ஊருக்கு ஊரு கிட்டகிட்டத்தான் இருக்கும், சைக்கிளுக்கு அளவெடுத்த மாதிரி. ஒண்ணு சொல்லிடுறேன், தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போற மெயின் ரோடு மட்டும் மோசம், பஸ்ஸும் லாரியும் விடாது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம் தாண்டணும், ஒவ்வொரு பாலத்துலயும் ரோடு சுருங்கும், பின்னாடி பஸ்காரன் அவசரப்படுவான். இருட்டுலயே கிளம்பி அந்தத் தூரத்த முடிச்சிடுங்க, லைட்டு முன்னயும் பின்னயும் கண்டிப்பா வேணும். கண்டியூர்ல கிழக்கால திரும்பி வேதிகுடி பக்கம் உள்ள போயிட்டா அப்புறம் கொக்கும் நீங்களும்தான்.

உள்ள போனா தொந்தரவே இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற மாதிரி. பங்குனில ஒரு தடவ ரோட்டுல உளுந்துச்செடி பரப்பி வச்சிருந்தாங்க, வண்டி ஏறி ஏறி பருப்பு உதிரட்டும்னு. நான் ஜோரா அதுமேல விட்டேன். நாலு மிதி மிதிச்சிருப்பேன், கொடி பூரா செயின்ல சுத்தி பின்னாடி கியர்ல போய் அடச்சுக்கிச்சு, அசையவே இல்ல. ஓரத்துல முறத்தோட உக்காந்திருந்த ஆயா எந்திரிச்சு வந்துச்சு. "ஏந்தம்பி, இம்மாம் பெரிய ரோட்டுல உனக்கு எறங்கி தள்ளிட்டுப் போகத் தெரியலயா"ன்னு திட்டிக்கிட்டே அதுவே குனிஞ்சு ஒவ்வொரு கொடியா உருவிச்சு. உருவுன கொடிலேர்ந்து உளுந்து நெத்த ஒண்ணு விடாம பிச்சி முறத்துல போட்டுக்கிச்சு. என் கைல கிரீஸ், அது கைலயும் கிரீஸ். அந்த கியரு வெல சொல்லிருந்தா ஆயா முறத்தாலயே போட்டிருக்கும். அதுலேர்ந்து ரோட்டுல எள்ளோ உளுந்தோ வைக்கலோ என்ன கிடந்தாலும் எறங்கிடுவேன்.

கருவேல முள்ளும் அப்படித்தான். கரைல சீமைக்கருவேலம் வெட்டுனா ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீங்க.

ஆத்தங்கரை ரோடு பத்தி எல்லாரும் போட்டோ போட்டு ஆசை காட்டுவாங்க. ஜூன்ல மேட்டூர் திறந்து கல்லணைக்கு தண்ணி வந்த பொறவு புது ஆத்தங்கரைல, அதான் கல்லணைக் கால்வாய் கரைல, காலைல போறது தனி சொகம்தான், நான் இல்லேங்கல. ஆனா நிறைய இடத்துல கைப்பிடிச் சுவரே கிடையாது, சரிஞ்சா நேரா தண்ணிதான். கரை வேலை நடக்குற இடத்துல வளைவு திரும்புனா ஜல்லி குவிச்சிருப்பான். வெளிச்சம் வந்தப்புறம் மட்டும் போங்க.

காத்தையும் பாக்கணும். ஆடில மேல்காத்து என்ன அடி அடிக்கும்னு டெல்டாக்காரனுக்கு சொல்ல வேண்டாம், அப்ப முதல்ல திருக்காட்டுப்பள்ளி பக்கம் மேற்கால முக்கிட்டுப் போயிட்டு வரப்ப காத்தோட மிதந்து வரணும். சிக்கல் என்னன்னா வரப்ப சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், நமக்கு மட்டுமில்ல, பின்னாடி வர்ற வேன்காரருக்கும்தான், அவருக்கு நாம தெரியவே மாட்டோம். அதனால திருக்காட்டுப்பள்ளில டீ குடிச்சிட்டு கொஞ்சம் வெயில் மேல ஏறுனப்புறமா கிளம்புவேன்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. தினசரி காலண்டர்ல முகூர்த்தமான்னு பாருங்க. முகூர்த்த நாள்ல விடிகாலைலயே கல்யாண வேன் ஒவ்வொரு சந்துலேர்ந்தும் பறந்து வரும், டிரைவரு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமன்னா கறிக்கடை வாசல்ல நாய்க் கூட்டம். தொரத்துனா வேகமா மிதிக்காதீங்க, எறங்கி சைக்கிள நடுவுல வச்சிக்கிட்டு நடங்க, ஓடாத ஆள தொரத்துறதுல நாய்க்கு அவ்வளவா ருசி இல்ல.

வீட்டுலயும் சைக்கிள் ஓட்டுறாங்க, போன வருஷத்துலேர்ந்து. நான் கண்டுபிடிச்ச அருமையான ஒரு கருவேலங்காட்டு ரோட்டுக்கு ஆசையா கூட்டிட்டுப் போனேன், நாலு கிலோமீட்டருக்கு ஒரு ஆள் கிடையாது. திரும்பி வர்ற வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம்தான் சொன்னாங்க, "நீங்க கூட இருந்தீங்க சரி, நான் தனியா வந்தா இங்க சைக்கிள நிறுத்துவேனா?" எனக்கு அதுவரைக்கும் அது தோணவே இல்லங்கறது வெக்கமாத்தான் இருந்துச்சு. இப்ப அவங்க போறது மினிபஸ் ரூட்டுதான், டீக்கடைக்காரருக்கெல்லாம் என்னைய விட அவங்களத்தான் நல்லா தெரியும்.

வர்ற ஞாயிறு வேதிகுடி பக்கம் போலாம்னு இருக்கோம், முகூர்த்தமா இல்லையான்னு இன்னும் காலண்டர் பாக்கல. வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க, ஸ்பேர் டியூப் எடுத்துக்கிட்டு வாங்க, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.