கைடு ஒரு போன்ல கதையை முடிச்சுட்டா...

பிஎச்டி முடிச்சு வெளியே வந்த பிறகும் பழைய கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டின பேராசிரியர், நீங்க வேலைக்குப் போற இடமெல்லாம் உங்க பேரைக் கெடுத்தா, சுத்தி இருக்கிறவங்க சொல்ற முதல் யோசனை: "வக்கீல் நோட்டீஸ் விடு." அதைக் கடைசிக்கு வெச்சுக்கங்க. ஏன்னா கைடு எதையும் எழுத்துல கொடுக்கறதில்ல. இன்டர்வியூ முடிஞ்ச சாயங்காலம் அந்தக் காலேஜ் பிரின்சிபால் கைடுக்கு போன் போடுவார். கைடு சொல்வார்: "வேலையெல்லாம் பரவாயில்ல சார். ஆள்தான் கொஞ்சம்... நீங்களே பார்த்துக்கங்க." அந்த இழுவைக்கு எந்த கோர்ட்ல சாட்சி தேடுவீங்க? கேட்ட பிரின்சிபாலா வந்து சொல்லப்போறார்?

அவதூறு இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவு. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட மாட்டாங்க, மாஜிஸ்திரேட் கிட்ட நேரா புகார் கொடுக்கணும். "நல்லெண்ணத்துல சொன்னேன்"ங்கிற விதிவிலக்கும் அதே பிரிவுல இருக்கு. ரெஃபரன்ஸ், அதாவது வேலைக்கு வர்றவரைப் பத்திக் கருத்து, கொடுக்கிறவருக்கு அதுதான் கேடயம். நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குன்னா 1 வருஷத்துக்குள்ள போட்டாகணும். மெயில்லயோ வாட்ஸ்அப் குரூப்லயோ எழுதிட்டார்னா கதையே வேற: ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாது, சாட் முழுசையும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அந்த போனையும் மாத்தாம வைங்க. மின்னணு ஆதாரத்துக்கு சான்றிதழ் கேட்பாங்க.

அவர் வாயை அடைக்கிறது நம்ம வேலை இல்ல. அவர் ஒருத்தர் குரல் மட்டுமே கேட்கிற நிலைமையை மாத்தறதுதான் வேலை. வடசென்னையில வியாசர்பாடியிலயும் காசிமேட்டுலயும் வீட்டுக்கு முதல் பட்டதாரியா வர்ற பிள்ளைக்கு, "நம்ம பொண்ணுதான்"னு சொல்ல புரொபசர் மாமா யாரும் கிடையாது. அதனாலதான் கைடோட ஒரு போன் இங்க இவ்ளோ வெயிட்டா விழுது.

அதனால ரெஃபரன்ஸுக்கு மூணு பேரை இப்பவே பிடிங்க: உங்க ஆராய்ச்சியைப் பார்த்துக்கிட்ட டாக்டரல் கமிட்டி மெம்பர் ஒருத்தர், கூட ஆராய்ச்சி பேப்பர் எழுதினவர் ஒருத்தர், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்த வெளி எக்ஸாமினர். லெட்டர் கேட்கும்போதே தீசிஸ் (ஆய்வேடு) சுருக்கத்தையும் ரெண்டு பேப்பரையும் சேர்த்து அனுப்புங்க. "நல்ல மாணவி"ங்கிற லெட்டரை யாரும் மதிக்கிறதில்ல. எந்தக் கருவியை நீங்களே செட் பண்ணீங்க, எந்த டேட்டா உங்களோடதுன்னு எழுதின லெட்டர்தான் நிக்கும்.

எக்ஸாமினர் ரிப்போர்ட், வைவா ரிப்போர்ட், கமிட்டி மினிட்ஸ் நகல் கையில இல்லையா? தமிழ்நாடு அரசுப் பல்கலைக்கழகம்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில். எக்ஸாமினர் பேரை மறைச்சுக் கொடுக்கலாம், உள்ளடக்கம் போதும். "தீசிஸே தேறாது"ன்னு கைடு சொல்றதுக்கு அவங்க பல்கலைக்கழகத்துத் தாளே பதில் சொல்லும்.

இன்டர்வியூவுல "உங்க கைடு ஏன் ரெஃபரன்ஸ்ல இல்ல?"ன்னு கேட்டா ரெண்டே வாக்கியம். "ஆராய்ச்சி முடிவுல கருத்து வேறுபாடு வந்தது. வேலையை நேரா பார்த்த மூணு பேர் பேரைக் கொடுத்திருக்கேன்." மூணாவது வாக்கியம் வந்தா புலம்பலாயிடும். புலம்புறவங்களை கமிட்டி எடுக்காது, நியாயம் உங்க பக்கம் இருந்தாலும்.

பேப்பர்ல இருந்து கைடு உங்க பேரை எடுத்துட்டா, அதை வெளியிடற ஜர்னலோட எடிட்டருக்கு எழுதலாம். ஆனா எடிட்டர் தீர்ப்பு சொல்றது அபூர்வம், நிறுவனத்துக்கே தள்ளுவார். அதனால டிராஃப்ட், தேதியுள்ள லேப் நோட், மெயில் எல்லாத்தையும் சொந்த மெயில் ஐடிக்கு முன்னாடியே மாத்தி வைங்க. காலேஜ் ஐடியை என்னைக்கு வேணா முடக்கிடுவாங்க.

எஸ்சி, எஸ்டி பிரிவைச் சேர்ந்தவரை, அந்தப் பிரிவுகள்ல இல்லாத ஒருத்தர் பொது இடத்துல நாலு பேர் முன்னாடி ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தினா அது அவதூறு கணக்குல வராது, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அங்கே எஃப்ஐஆர் உண்டு. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் கிடைக்கும்; பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழுகிட்ட கேளுங்க, இல்ல 15100க்கு அடிங்க.

"ரிடையர் ஆனா அடங்கிடுவார்"னு காத்திருக்காதீங்க. சிலர் ரிடையர் ஆன பிறகுதான் செலக்‌ஷன் கமிட்டியில நிபுணரா வந்து உட்கார்றாங்க. அவர் பேர் இருக்குன்னு தெரிஞ்சா இன்டர்வியூவுக்கு முன்னாடியே பிரின்சிபாலுக்கோ ரிஜிஸ்ட்ராருக்கோ ஒரே பக்கம் எழுதி, மெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க: எந்த வருஷம் அவர்கிட்ட இருந்தீங்க, என்ன தகராறு, என்ன ஆதாரம், என் தேர்வுல அவர் கலந்துக்க வேணாம். தேர்வு முடிஞ்ச பிறகு எழுதினா, கிடைக்காத கோபத்துல எழுதினதாத்தான் படிப்பாங்க.