தேவாங்கின் பெயரால் ஒரு பீர்க் கச்சேரி

தேவாங்கின் கையில் நுரை பொங்கும் பீர்க் கோப்பையைக் கொடுத்து வரைந்திருந்த அந்தச் சுவரொட்டியைப் பார்த்த அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும். காட்டுயிர் காக்க ஓர் இசை மாலை என்றும், கிராஃப்ட் பீரும் நேரடி இசையும் உண்டு என்றும், நுழைவுச் சீட்டாக வரும் 1,500 ரூபாய் தேவாங்குப் பாதுகாப்புக்குப் போகும் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். விடுமுறை நாள்களில் பறவை பார்க்கப் போகிறவன் என்பதால் இத்தகைய அழைப்புகள் எப்படியும் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். போகாவிட்டால், ஊருக்கெல்லாம் காட்டைப் பற்றி உபதேசம் செய்கிறவர் காசு என்றதும் ஒதுங்கிவிட்டார் என்று பேச்சு வரும் என்பதற்காகவே மனைவிக்கும் சேர்த்து இரண்டு சீட்டு வாங்கினேன். நான் குடிப்பதில்லை, குடிப்பவர்கள் மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

அழகர்கோயில் சாலையில், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் மேடை போட்டிருந்தார்கள். மதுரை நகருக்குள் மண்டபங்களுக்குப் பஞ்சமா? குளிரூட்டிய கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய ஆடிப் பாடியிருந்தால் ஒரு பூச்சிக்கும் கேடில்லை. தேவாங்கு பகலெல்லாம் மரக்கிளையில் சுருண்டு உறங்கி, இருட்டிய பிறகு கண் விழிக்கிற உயிர். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, அந்தச் சின்ன முகத்தில் பாதிக்கு மேல் கண். அந்தக் கண்ணையும் காதையும் நம்பித்தான் அது கிளைகளின் மீது ஓசையில்லாமல் ஊர்ந்து போய்ப் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. அது விழிக்கிற நேரம் பார்த்து, ஆள் உயர ஒலிப்பெருக்கிகளை மலையை நோக்கித் திருப்பி வைத்து, நீலமும் பச்சையுமாக ஒளிக்கற்றைகளைப் பாறைகளின் மீது பாய்ச்சி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயாவது ஆட்டின் காதருகே டிரம்ஸ் வாசிக்கவில்லை.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிப்பெருக்கி கூடாது என்று ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. தோப்பில் கடைசிப் பாட்டு முடிந்தபோது மணி பதினொன்றரை. அந்தப் பக்கம் வழக்கமாக மாலையில் போனால் பக்கிக் குருவியின் குரலையாவது கேட்கலாம். அன்று மயில்கள் மட்டும் மிரண்டுபோய் அகவிக்கொண்டிருந்தன. தொகுப்பாளர் மேடையிலேயே, "பாருங்க, மயில்களும் நம்மளோட சேர்ந்து பாடுது" என்று சொன்னார். கைதட்டினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிராஃப்ட் பீர் என்பது சிறிய மது ஆலைகளில் பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகியவற்றின் சேர்மானத்தைப் பக்குவம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நொதிக்க வைத்துத் தயாரிப்பது. பெங்களூருக்குப் போய்வந்த நண்பர்கள் அதன் பெருமையை அளப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். தோப்பில் ஊற்றியதோ எல்லாருக்கும் தெரிந்த சாதாரணப் பாட்டில் பீர்தான் என்பதை, எனக்குப் பக்கத்தில் நின்று குடித்தவரே முகம் சுளித்துச் சொன்னார். அதுவும் ஒரு மோசடிதான் என்றாலும், அதைக் குடித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காலிப் பாட்டில்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காடுகளில் வீசப்பட்ட மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிக்கின்றன என்பதை ஒட்டித்தான், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதத்தில் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டமே வந்தது. காட்டுயிரையும் பீரையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்களுக்கு இந்த ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டாமா? மறுநாள் காலை மனம் கேட்காமல் திரும்பவும் போனேன். வேலிக்கு அப்பால், மலையிலிருந்து மழைநீர் இறங்கி வருகிற ஓடையில் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. தோப்புக் காவலாளி ஒரு சாக்கைக் கொடுத்து, "பெரிசு பெரிசாப் பொறுக்குங்க ஐயா, பொடிசெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு" என்றார். ஒரு சாக்கு போதவில்லை.

அந்த மூன்றரை மணி நேரத்தில் தேவாங்குக்கு ஒதுக்கப்பட்டவை ஐந்து நிமிடங்கள். பேசிய இளைஞர் அதை இரண்டு முறை குரங்குக் குட்டி என்றார். நோஞ்சான் பிள்ளையைத் தேவாங்கு என்று ஏசுகிற ஊர் நம்முடையது. அந்த ஏச்சைத் தவிர அதைப் பற்றி எதுவும் அறியாத அத்தனை பேர் காசு கொடுத்து வந்து நிற்கையில், எவ்வளவோ சொல்லியிருக்கலாம். தேவாங்குக்குத் தாவத் தெரியாது; கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதனால் மரம் விட்டு மரம் போக முடியும்; நடுவில் நான்கு மரங்களை வெட்டிவிட்டால் அது தரையில் இறங்கி, சாலையில் வண்டிக்கு அடியில் சாகும். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கடவூரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய 11,806 எக்டேர் காட்டை, நாட்டிலேயே முதல் தேவாங்கு சரணாலயமாக 2022இல் அறிவித்திருக்கிறார்கள் என்பதையாவது சொல்லியிருக்கலாம். கடவூர் என்ற பெயரே அந்த மேடையில் ஒலிக்கவில்லை.

காட்டுயிருக்காக ஊர் கூடுவது நமக்குப் புதிதும் அல்ல. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்களில் வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளின் ஆசையையே அடக்கிக்கொண்டு காக்கிறார்கள். 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமான அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது மேலூர்ப் பக்கத்து மக்கள் 2025 ஜனவரியில் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவர்களில் யாரும் கச்சேரிக்குப் போவதுபோல் கையில் நுழைவுச் சீட்டுக்கான காகிதப் பட்டை கட்டிக்கொண்டு வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வரவு செலவுக் கணக்கை அனுப்புங்கள் என்று அமைப்பாளருக்குச் செய்தி போட்டேன். முதல் பதில் கும்பிடும் கை. இரண்டாவது முறை கேட்டதற்கு, "சார், இது அவேர்னஸுக்காகப் பண்ணது, நீங்க ஏன் நெகட்டிவா பாக்குறீங்க" என்று வந்தது. மூன்றாவது முறை தொலைபேசியிலேயே பிடித்தேன். மேடை, ஒலி, ஒளி, பாட்டுக் குழு, தோப்பு வாடகை எல்லாம் போக 11,000 ரூபாய் மிஞ்சியதாகவும், அதை அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டதாகவும் அவர் கூச்சமில்லாமல் சொன்னார். மலையில் தேவாங்கு கடந்துபோக மரம் விட்டு மரம் கட்ட ஒரு முழம் கயிறுகூட அந்தக் காசில் வாங்கப்படவில்லை.

நேற்று அடுத்த அழைப்பும் வந்துவிட்டது. இம்முறை எறும்புதின்னியின் கையில் கோப்பை. அதே தோப்பு, இரண்டு இரவுகளாம். முன்பே பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு பீர் இலவசமாம்.