டாமோ போன பிறகும் கேன் இருந்தது

வட்ஸ்அப் குறூப்பில் நடந்த சண்டையை முகநூலுக்குக் கொண்டுவருவது நாகரிகமில்லைதான். ஆனால் அந்தக் குறூப்பில் இருப்பதே நாங்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் எனக்கு எதிர்ப்பக்கம். சண்டை இதுதான்: ஒரு றொக் குழு அதன் பாடகர் போனதோடு முடிந்ததா, இல்லையா? நியாயம் கேட்க வேறு போக்கிடம் இல்லை.

கேன் என்று ஒரு ஜேர்மன் றொக் குழு. 1968 இல் கொலோன் நகரில் தொடங்கினார்கள். ஸ்டொக்ஹவுசன் என்ற ஜேர்மன் இசையமைப்பாளரிடம் படித்த இரண்டு பேர், ஜாஸில் ட்றம்ஸ் வாசித்துக் களைத்துப்போன ஒருவர், கிற்றார் வாசிக்கிற இளம் பெடியன் ஒருவன். இவ்வளவுதான் குழு. இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்கள் இவர்களைக் கும்பிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு குழு இவர்களின் 'ஸ்பூன்' என்ற பாட்டையே தன் பெயராக வைத்திருக்கிறது. றேடியோஹெட் என்ற இங்கிலாந்துக் குழு மேடையில் இவர்களின் பாட்டைப் பாடியிருக்கிறது. திருகோணமலையில் எனக்குத் தெரிந்து நான்கு ரசிகர்கள். நான்கு பேருக்குள் இரண்டு கட்சி.

எங்களில் ஒருவன் ஓட்டோ ஓட்டுகிறான். ஓட்டோவின் பின்பக்கத்தில் சாமி படமோ நடிகர் படமோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெண்டிக்காய் ரின் ஒட்டியிருக்கிறான். 'எகே பம்யாசி' அல்பத்தின் அட்டைப்படம் அது. பெயருக்கே துருக்கி மொழியில் ஏஜியன் கடற்கரை வெண்டிக்காய் என்றுதான் அர்த்தம். கேன் என்றாலும் ரின்தான். போன மாதம் சந்தைக்குப் போன ஒரு அம்மா இறங்கும்போது கேட்டாவாம்: "தம்பி, ரின் மீன் மாதிரி இப்ப வெண்டிக்காயும் ரின்னில வருதோ? நீங்களோ ஏஜென்சி?" இவன் ஓம் என்று சொல்லிவிட்டான். கேன் பற்றி அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதைவிட அது லேசு.

இவன்தான் எதிர்க்கட்சித் தலைவர். இவன் கட்சியின் கொள்கை ஒரே வரி: டாமோ சுசுகி போனதோடு கேன் முடிஞ்சுது.

டாமோ ஜப்பான்காரர். 1970 இல் மியூனிக் தெருவில் தன்பாட்டில் கத்திப் பாடிக்கொண்டிருந்தவரைக் கேன்காரர் இருவர் கண்டு, அன்றிரவே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஒத்திகை கிடையாது. 1973 வரை அவர்தான் பாடினார். அந்தக் காலத்தில் வந்த மூன்று அல்பங்களை வைத்துத்தான் உலகம் முழுக்க ரசிகர்கள் சண்டை பிடிக்கிறார்கள்: 'டாகோ மாகோ' (1971), 'எகே பம்யாசி' (1972), 'பியூச்சர் டேஸ்' (1973). எது பெரிது என்ற கேள்வி, கோணேசர் கோயில் பெரிதா பத்திரகாளி அம்மன் கோயில் பெரிதா என்று கேட்கிற மாதிரி. கேட்கிறவன் சண்டைக்கென்றே வருகிறான்.

இந்த மூன்றையும் நான் குறைத்துச் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். டாகோ மாகோவில் 'ஹலலூவா' என்று பதினெட்டரை நிமிடப் பாட்டொன்று. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அது மட்டும்தான். யாக்கி லீபெட்சைட் ட்றம்ஸில் ஒரு தாளத்தைப் பிடிக்கிறார், பிடித்தது பிடித்ததுதான். முதல் மூன்று நிமிடம் இது என்ன ஒரே மாதிரி என்று தோன்றும். ஐந்தாவது நிமிடத்தில் கால் தானாக ஆடும். பத்தாவது நிமிடத்தில் அந்தத் தாளம் நின்றால் என்ன செய்வது என்று பயம் வரும். எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதில்லை. நவராத்திரி இரவுகளில் கும்பம் வருகிற தெருவில் நின்றிருந்தால் தெரியும். உடுக்கு மாறாது. தாளமும் மாறாது. மாறுகிறது கும்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவன்தான், பிறகு பார்த்துக்கொண்டு நிற்கிற நாங்கள். 'பரீட்சார்த்த இசை' என்று சொல்லி இதைப் படித்தவர்களின் சாமானாக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கும்பத்துக்குப் பின்னால் விடிய விடிய நடந்த காதுக்கு ஹலலூவா சின்ன விசயம்.

எகே பம்யாசியும் அப்படித்தான். வைலர்ஸ்விஸ்ட் என்ற சின்ன ஊரில் மூடிக்கிடந்த தியேட்டர் ஒன்றை எடுத்து, சுவர் முழுக்க இராணுவத்தின் பழைய மெத்தைகளை, 1500 மெத்தை என்கிறார்கள், அடித்துத் தொங்கவிட்டு அங்கே பதிவுசெய்தார்கள். பதிவு நேரத்தில் கீபோர்ட்காரர் இர்மின் ஷ்மிட்டும் டாமோவும் எந்நேரமும் செஸ் விளையாடிக்கொண்டிருந்ததில் மற்றவர்களுக்கு விசர் பிடித்ததாம். பியூச்சர் டேஸைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உப்புவெளிக் கடற்கரையில், வாடைக்காற்று தொடங்குவதற்கு முதல் கிழமை, ஒருநாள் பின்னேரம் காதில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பிறகு கதைப்போம்.

ஆனால் இதையெல்லாம் செய்தது டாமோவா? இதுதான் என் கேள்வி. டாமோ ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும், எந்த மொழியிலும் சேராத சத்தத்திலும் பாடினார். குரலை இன்னொரு வாத்தியமாக வைத்திருந்தார். பெரிய மனுசன், சந்தேகமில்லை. 2024 இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் குறூப்பில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, ஆளாளுக்குப் பாட்டு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம். என்றாலும் கேன் பாடகனுடைய குழுவாக ஒருநாளும் இருந்ததில்லை. டாமோவுக்கு முதலும் மால்கம் மூனி என்ற அமெரிக்கச் சிற்பக் கலைஞர் ஒருவர் பாடினார். இவர்கள் மணிக்கணக்காகச் சேர்ந்து வாசித்துக்கொண்டே போவார்கள். பேஸ் கிற்றார் வாசிக்கிற ஹோல்கர் ஷூகாய் ஒலிநாடாவை ஓடவிட்டிருப்பார். பிறகு அந்த நாடாவை வெட்டி, ஒட்டி, மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்கை எடுப்பார். கேன் பாட்டு என்று நாங்கள் கேட்பதில் பாதி, அந்த வெட்டில் இருக்கிறது.

அந்த ஷூகாய்தான் என்னுடைய ஆள்.

அவர் 1938 இல், இன்றைக்குப் போலந்தில் இருக்கிற டான்சிக்கில் பிறந்தவர். போர் முடிந்து அங்கிருந்து குடும்பத்தோடு துரத்தப்பட்டவர். இடம்பெயர்ந்த பிள்ளை. பள்ளிப்படிப்பு ஒழுங்காக இல்லை. பெடியனாக இருக்கும்போது வானொலிப் பெட்டி திருத்துகிற கடையில் வேலை செய்தார். அங்கே கேட்ட இரைச்சல் அவரை விடவேயில்லை. 1977 இல் 'சோ டிலைட்' அல்பம் வருகிறபோது, பேஸ் கிற்றாரை றொஸ்கோ ஜீ என்ற புது ஆளிடம் கொடுத்துவிட்டு இவர் சிற்றலை வானொலிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். குழு வாசிக்கும்போது இவர் வானொலியைத் திருகி, எங்கிருந்தோ வருகிற குரல்களை அதற்குள் விடுவார். ஒன்பது வருசமாகத் தான் வாசித்த வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு மனுசன் வானொலியைத் திருகுகிறான் என்றால் அது குழு முடிந்த கதையா, தொடங்கிய கதையா? எதிர்க்கட்சி இந்த அல்பத்தை 'தேய்ஞ்சுபோன டிஸ்கோ' என்கிறது. தலைவர் போன கிழமை அனுப்பிய குரல்பதிவில் சரியாக இந்த வார்த்தைதான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இனி என் சொந்தக் கதை.

சித்தப்பா 1986 இல் ஜேர்மனிக்குப் போனவர். கடிதம் எழுதுவது அவருக்குப் பஞ்சி. கசெற்றில் பேசி, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து கேட்போம். அப்பம்மா மட்டும் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பா: "ஓமடா தம்பி, நான் மருந்து குடிக்கிறன்."

1992 இல் வந்த கசெற் புதிது இல்லை. யாரோ பாவித்தது. ஸ்டிக்கரில் பேனையால் என்னவோ எழுதி, அதை இன்னொரு பேனையால் வெட்டி, மேலே 'அண்ணி ஆக்களுக்கு' என்று எழுதியிருந்தது. சித்தப்பா ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். மறுபக்கமும் திருப்பிப் போட்டால் அங்கேயும் பத்து நிமிடம். குளிர், சாப்பாடு, முகாமில் கூட இருக்கிறவர்களின் குறட்டை, அனுப்பிய காசுக் கணக்கு. கடைசியில், "சரி அண்ணி, கசெற் முடியப்போகுது, வைக்கிறன்." டக் என்று ஒரு சத்தம்.

கசெற் முடியவில்லை. ட்றம்ஸ் ஒன்று நடுவழியில் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. சித்தப்பாவின் குரலுக்கு அடியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்து, அவர் விலகினதும் வெளியே வந்தது போல. அம்மா எழும்பிப் போய்விட்டா. நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்குள் வேறு குரல் வந்தது. தூரத்தில் யாரோ பாடுகிற குரல், காற்றில் அலைக்கழிந்து வருகிற மாதிரி, கரகரப்போடு. எனக்கு உடனே பிடிபட்டது. இது நிலாவெளிப் பக்கத்து வேலை.

திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்கு எங்கள் ஊரில், ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்புகிற ஓர் அஞ்சல் நிலையம் இருந்தது. எண்பதுகளில் தொடங்கியது, 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கும்வரை இருந்தது. ஆசியாவுக்கான சிற்றலை ஒலிபரப்பு எங்கள் தலைக்கு மேலால்தான் போனது. சிவப்பும் வெள்ளையும் அடித்த உயர்ந்த கோபுரங்களைப் பார்த்தபடி நாங்கள் சைக்கிளில் நிலாவெளிக்குப் போவோம். ஸ்பீக்கரில் சம்பந்தமில்லாத கரகரப்பு எது வந்தாலும் ஊரில் பழி அந்தக் கோபுரத்துக்குத்தான். ஆகவே நானும் கசெற்றுக்குள் ஜேர்மன் றேடியோ புகுந்துவிட்டது என்று நம்பினேன். ஆனால் மறுநாளும் அதே இடத்தில் அதே குரல். அதற்கடுத்த நாளும். இரவல் குரல் எப்படி ஒவ்வொரு நாளும் நேரம் தவறாமல் அதே தாளத்தில் வந்து விழும்? அந்தக் கேள்வியோடு பத்தொன்பது வருசம் இருந்தேன். கசெற்றில் பெயர் இல்லை, சித்தப்பாவுக்கும் தெரியாது. கொலோனில் அவர் கோப்பை கழுவின கடையில் யாரோ எறிந்ததை எடுத்ததாம்.

2011 இல் ஒரு இரவு யூடியூபில் ஜேர்மனி, றொக், ஷோர்ட்வேவ் என்று மூன்று சொல்லைத் தட்டினேன். ஷூகாய் வந்தார். அவரிலிருந்து சோ டிலைட். அதற்குள் 'அனிமல் வேவ்ஸ்' என்ற பதினைந்து நிமிடப் பாட்டு. தூரத்துக் குரல் வந்த இடத்தில் நான் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள், டாமோவுக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று என்னிடம் வந்து சொன்னால் நான் என்ன செய்யவேண்டும்?

எதிர்க்கட்சியின் பதில் எனக்குத் தெரியும். "உனக்கு அது சித்தப்பாப் பாசம், இசை இல்லை." இருக்கலாம். ஆனால் அவர்கள் மூன்று பேரும் டாகோ மாகோவுக்கு வந்தது எப்படி? இணையத்தில் யாரோ போட்ட பட்டியலில் முதலிடத்தில் இருந்ததால் வந்தார்கள். பட்டியல் பாசத்தைவிட என் சித்தப்பா குறைந்தவரா? எந்த அல்பம் எந்த வழியால் ஒருவனிடம் வந்துசேர்ந்தது என்பதையும் கணக்கில் எடுக்காமல் வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 'சூன் ஓவர் பாபலூமா' (1974) டாமோ இல்லாமல் வந்ததுதானே? கண்ணை மூடிக்கொண்டு யாருக்காவது போட்டுக் காட்டுங்கள், டாமோவைத் தேடுகிறார்களா பார்ப்போம். 1976 இல் 'ஐ வோன்ட் மோர்' இங்கிலாந்தில் ஹிட் ஆனது. டாமோ காலத்தில் அங்கே அது நடக்கவில்லை. ஹிட் ஆனதுதான் இவர்களுக்குக் கோபம் போல.

நியாயத்துக்கு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். 1978 இல் வந்த 'அவுட் ஒஃப் ரீச்' மோசம். குழுவே அதைப் பல வருசம் தன் பிள்ளை இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதில் ஷூகாய் இல்லை என்பதை மட்டும் சபையில் பதிவுசெய்துவிட்டுப் போகிறேன்.

2017 ஜனவரியில் லீபெட்சைட் போனார், செப்டெம்பரில் ஷூகாய். மெத்தை தொங்கிய அந்தப் பழைய தியேட்டரிலேயே வீடாக்கி இருந்தவர், அங்கேயே இறந்து கிடந்தார்.

சித்தப்பா 2014 இல் ஊருக்கு வந்தபோது கசெற்றைப் போட்டுக் காட்டினேன். தன்னுடைய இளம் குரலைக் கேட்டு வெட்கப்பட்டார். காசுக் கணக்கு வந்த இடத்தில், "இதையெல்லாம் ஏன் வைச்சிருக்கிறாய்" என்று எழும்பப் பார்த்தார். கையைப் பிடித்து இருத்தினேன். "வைக்கிறன்" வந்தது, டக் வந்தது, ட்றம்ஸ் வந்தது. ஒரு நிமிடம் கேட்டார். பிறகு, "இது அந்தக் கடைச் சமையற்காரன்ர கசெற்றா இருக்கும். அவன் குசினியில உப்பிடித்தான் எந்நேரமும் தட்டிக்கொண்டு நிப்பான்" என்றார். சட்டியிலா மேசையிலா என்று கேட்டேன். சட்டியில் என்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் வருகிற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அனிமல் வேவ்ஸைக் கசெற்றிலேயே, சித்தப்பாவின் பேச்சோடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது என் நிபந்தனை. போனில் கேட்டால் கணக்கில்லை. ஓட்டோவில் இருந்து வெண்டிக்காயைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒரே சிக்கல், கசெற் பிளேயரின் பெல்ட் இளகிப்போச்சு. சித்தப்பா இழுத்து இழுத்துப் பேசுகிறார். ரவுணுக்குள் யாராவது இன்னும் அந்த வேலை செய்கிறார்கள் என்றால் கொமென்டில் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன்னம் வேணும்.