கீசரை அணைத்து வைப்பதே மிச்சம்

"கீசரை நாள் முழுக்கப் போட்டு வைப்பதுதான் சிக்கனம், ஆறிய தண்ணீரை மறுபடி சூடாக்கத்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. மற்றதெல்லாம் சரி, இதை மட்டும் ஏற்க முடியவில்லை. தொட்டித் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, சூடு அவ்வளவு வேகமாக வெளியேறும். எந்நேரமும் சூடாகவே வைத்திருந்தால் அந்த இழப்பும் எந்நேரமும் உச்சத்திலேயே இருக்கும். ஆறவிட்டால் அது குறைந்துகொண்டே வரும்.

கணக்கும் எளிதுதான். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். 2 கிலோவாட் கீசருக்கு அரை மணி நேர வேலை. குளிப்பதற்குச் சற்று முன்னால் போட்டால் போதாதா? (எங்கள் வீட்டில் அணைக்க மறக்கும் ஆள் நான்தான், அது வேறு கதை.)

தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் கட்டுப்பாட்டை) 40 டிகிரிக்கு இறக்கச் சொல்லும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வெதுவெதுப்பாகவே தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி பெருகும். 60லேயே வைத்து, குளிக்கும்போது பச்சைத்தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க ஷவர் நேரத்தைக் குறைக்கலாமே!