கட்டையைத் தேய்க்காதீர்கள்

பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கிறவர்களிடம், குறிப்பாக இங்கே அமெரிக்காவில் என்னைப் போல சேர்க்கிற நண்பர்களிடம், ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மரக்கட்டையில் போலீஸ் முத்திரை இருக்கிற துப்பாக்கியை "போருக்குப் போகாதது" என்று ஒதுக்காதீர்கள். வாங்கினால் அந்த முத்திரையைத் தேய்த்து எடுக்காதீர்கள்.

போன மாதம், வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .410 மஸ்கட் ஒன்று வாங்கினேன் (.410, .303 எல்லாம் குழலின் அளவைச் சொல்லும் எண்கள்). பார்க்க அப்படியே நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய திரி நாட் திரி (.303) லீ என்ஃபீல்டு ரைஃபிள்தான். ஆனால் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டைச் சுழற்றிக் குறி தவறாமல் தூரம் அனுப்புகிற, ரைஃபிளுக்கே உரிய சுருள் பள்ளம் கிடையாது, உள்ளே முழுக்க வழவழ என்று இருக்கும். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து அடைத்திருப்பார்கள், ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் இது போதும், முழு ரைஃபிள் வேண்டாம் என்று வெள்ளைக்காரன் முடிவு செய்ததால் வந்த துப்பாக்கி இது. நல்ல ரைஃபிளைக் கொடுத்தால் நம் பக்கமே திருப்பிவிடுவார்களோ என்ற பயம்தான், அது 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் தொடங்கியது. கிளர்ச்சி அடங்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே வழவழக் குழல் வைத்த 1858 மாடல் மஸ்கட்டைக் கொடுத்தார்கள். ஆள்கிறவன் தன் காவலனையே எவ்வளவு நம்பினான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணம் சொல்லும்?

சரி, என் துப்பாக்கிக்கு வருகிறேன். விற்றவர் பளபளப்பாக இருக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுக் கட்டையைத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், போலீசைக் குறிக்கும் ஆங்கில 'பி' என்ற எழுத்தின் கால் மட்டும் லேசாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் என்ன எழுத்து இருந்தது, எந்த மாகாணத்துப் போலீஸ் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. உலோகத்தில் இருப்பதாவது தப்பித்தது, அம்புக்குறிக்குக் கீழே ஆங்கில 'ஐ' போட்ட இந்திய அரசு முத்திரை அப்படியே இருக்கிறது. குழலில் இறக்குமதி செய்தவரின் பெயரும் உண்டு, அது இங்கத்திய சட்டப்படி அடித்தே ஆக வேண்டியது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதுவும் அந்தத் துப்பாக்கி வந்த வழிதான்.

இந்தியாவில் .303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அதனால்தான் அங்கே லைசென்சில் .315 விற்கிறார்கள். ஆக நம் ஆட்கள் அங்கே திரி நாட் திரியைச் சேர்க்க வழியில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் திரி நாட் திரிக்கு விடை கொடுத்தது. 2008-இல் மும்பைத் தாக்குதல் நடந்த இரவில்கூட பல போலீஸ்காரர்கள் கையில் அதுதான் இருந்தது. இவ்வளவு காலம் உழைத்த பொருளில் ஸ்டேஷன் எண்ணும், வெள்ளைப் பெயின்டில் எழுதிய வரிசை எண்ணும், கைபட்டுக் கறுத்த பிடியும் இல்லாவிட்டால் அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது, வெறும் இரும்பும் மரமும்தானே?

அழுக்கு எடுக்க வேண்டுமா, மெல்லிய துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், போதும். உங்களிடம் எழுத்து அழியாத போலீஸ் .410 இருந்தால் கட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கீழே கமென்டில் போடுங்கள். என்னுடைய 'பி'-க்கு முன்னால் என்ன இருந்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.