லாங்வுட் சோலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கோத்தகிரிக்கு வரும் உறவினர்களைக் கோடநாடு காட்சிமுனைக்கும் கேத்தரின் அருவிக்கும் அழைத்துச் சென்றுவிட்டு, மறுநாள் லாங்வுட் சோலைக்குக் கூட்டிச் சென்றால், திரும்பும் வழியில் எவராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "நடந்தோம், சரி. ஆனால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது?" முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இதே கேள்வியை ஊர்க்காரர்களே கேட்கத் தொடங்கி, காட்சி மேடை கட்டலாம், பாதையை அகலப்படுத்திச் சிமெண்ட் கல் பதிக்கலாம் என்று யோசனை சொல்லும் இந்நாளில் சிரிக்க முடியவில்லை.

ஊரை ஒட்டியே இருக்கும் இந்தச் சோலையின், அதாவது மலைக்காட்டின், பரப்பு 116 ஹெக்டேர். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 மலையேற்றத் தடங்களுள் இதுவும் ஒன்று. மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் நடக்கலாம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, பாசி போர்த்திய குட்டையான மரங்களும், கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட் செடிகளும், காலடியில் மெத்தென்று அமுங்கும் இலைச்சருகுமாகக் காடு நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. அருவி இல்லை, பள்ளத்தாக்குக் காட்சி இல்லை, படமெடுக்க வசதியான பாறையும் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் அந்தச் சருகுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. மழையையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் பாசியும் சருகும் அடிமண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் ஊற்றுகளாகச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. கீழ்ப்பக்கத்து ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் வருவது இப்படித்தான். உள்ளூர் மக்கள் கண்காணிப்புக் குழு அமைத்து இந்தச் சோலையைப் பல ஆண்டுகளாகக் காத்து வருவது வெறும் இயற்கை ஆர்வத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர்க்குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாதையை அகலப்படுத்துவதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கும் இந்தக் காட்டிலேயே பதில் இருக்கிறது. சோலை மரக்கன்றுகளில் பல, பெரிய மரங்களின் நிழலில்தான் எழும்பும். மேலே மரக்கூரை விலகி வெயில் இறங்கிய இடத்தில் அவற்றை முந்திக்கொண்டு உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் வந்து மண்டிவிடும். நீலகிரியில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தேயிலையும் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டன என்பதைச் சாலையில் போகும்போதே காணலாம். மிஞ்சியிருக்கும் சோலையில் இரண்டடி அகலம்கூடச் சிறிய விஷயமில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் பறவை ஒன்று இங்கே அடர்ந்த புதர்களில் தரையை ஒட்டியே திரியும். பத்துப் பேர் பேசிக்கொண்டே நடந்தால் அது கண்ணில் படாது. நானே நான்கு முறை சென்ற பிறகுதான் பார்த்தேன், அதுவும் அரை நிமிடம். காட்டுமாடுகளும் வரும் என்பதால், வழிகாட்டி நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். எளிதான தடம் என்பது நம் முழங்காலுக்குத்தானே தவிர, காட்டுமாட்டுக்கு அந்த வகைப்பாடு தெரியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு, சிறு குழுக்களாகச் செல்லும் முறையே போதும்; காட்சி மேடையும் வேண்டாம், கல் பதித்த பாதையும் வேண்டாம். மண்பாதை மழையில் வழுக்குகிறது என்பவர்கள் மழை ஓய்ந்த பிறகு வரலாம். மழையிலேயே வருவேன் என்பவர்கள் நீளமான காலுறை அணிந்து வாருங்கள், அட்டைகள் ஏராளம்.