சைனாடவுனுக்கு 45 நிமிடமாம்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன், இனி முடியாது. சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு "மூன்று நாளில் பார்க்க வேண்டியவை" என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது இந்த ஊரில் ஒரு தெருவை முழுசாக நடந்து பார்த்திருக்கிறாரா?

போன மாதம் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தான். கிளம்புவதற்கு முன்னால், "அண்ணே, நீங்க அங்கேயே இருக்கீங்க, நல்ல இடமாச் சொல்லுங்க" என்றான். ராத்திரி உட்கார்ந்து நீளமாக எழுதி அனுப்பினேன். வந்து இறங்கியபோது அவன் கையில் இருந்தது ஏதோ ரீல்ஸைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பட்டியல். மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை த பே, முஸ்தபா. நடுவில் ஒரு வரி: "சைனாடவுன், 45 நிமிடம், சாவிக்கொத்து மலிவு."

சைனாடவுன் ரயில் நிலையத்தின் ஏ வாசலில் ஏறினால் பகோடா தெரு. இரண்டு பக்கமும் பரிசுப்பொருள் கடைகள். பிள்ளைகள் கடை கடையாக நின்றார்கள். தெரு முடிகிற இடத்தில் கோபுரம், நம் மாரியம்மன் கோவில். "வாடா, உள்ளே போய்ட்டு வந்துடலாம்" என்றேன். "கோவில்தானேண்ணே, ஊர்ல பார்க்காததா? நேரமாச்சு" என்றான். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தார்கள். அவ்வளவுதான், திரும்பிவிட்டார்கள்.

வயிறு எரிந்தது. அந்தத் தெருவுக்குப் பெயர் வந்ததே அந்தக் கோபுரத்தால்தான்! ஆங்கிலத்தில் பகோடா என்றது நம் கோபுரத்தை. 1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோவில் அது. இந்த ஊரின் இந்துக் கோவில்களில் அதுதான் மூத்தது. அதே சாலையில் நாலு எட்டு வைத்தால் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் ஏற்படுத்தியது. பள்ளிவாசல் பக்கம் மாஸ்க் தெரு, கோவில் பக்கம் டெம்பிள் தெரு. சைனாடவுனின் தெருப்பலகைகளிலேயே நம் ஆட்களின் தடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சாவிக்கொத்து விலையைச் சொல்கிறான் ஒருவன், அதைப் பத்துப் பேர் அப்படியே நகலெடுத்துப் போடுகிறார்கள்.

தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொன்னது அப்படி. சீனர்களைப் பார்க்க சைனாடவுன், மலாய்க்காரர்களைப் பார்க்க கம்போங் கிளாம், நம்மைப் பார்க்க லிட்டில் இந்தியா என்று மூன்று டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊர் அப்படியா இருக்கிறது? தெலோக் ஆயர் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை, பிறகுதான் கடலைத் தூர்த்தார்கள். கப்பலில் வந்து உயிரோடு கரையேறிய சீனர்கள் கடல் தெய்வம் மாசூவுக்கு நன்றி சொல்லக் கட்டிய தியான் ஹாக் கெங் கோவில் அங்கே இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் நாகூர் தர்கா, 1830 வாக்கில் கட்டி முடித்தது. மறுபக்கம் அல் அப்ரார் பள்ளிவாசல். முதலில் வெறும் குடிசையாக இருந்ததால் நம் ஆட்கள் அதைக் குச்சுப் பள்ளி என்பார்கள். நாகூரார் பெயரும் மாசூவின் பெயரும் ஒரே தெருவில், ஒரே கடலைப் பார்த்து! இதை எந்தப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள்?

வாட்டர்லூ தெருவில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோவிலும் கிருஷ்ணன் கோவிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அங்கே நின்றேன். ஒரு சீனப் பாட்டி குவான் இம் கோவிலிலிருந்து வெளியே வந்தார், நேராகக் கிருஷ்ணன் கோவில் வாசலுக்கு வந்தார். ஊதுபத்தியை நெற்றி வரை உயர்த்தி, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். வெளியே வைத்திருந்த சாம்பல் கலத்தில் ஒவ்வொன்றாகச் செருகினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே அது தினப்படி நடப்பது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நான் எழுதி அனுப்பியதில் இது முதல் வரி. தம்பி அதைப் படிக்கக்கூட இல்லை.

சாப்பாட்டு ஆலோசனையைப் பற்றிப் பேசினால் இன்னும் எரியும். 2020இல் யுனெஸ்கோ அங்கீகரித்த உணவங்காடிப் பண்பாடு இருக்கிற ஊருக்கு வந்தவர்களைப் பேரங்காடி மாடிக்கு அனுப்புகிறார்கள். விடுங்கள்.

ஆனால் ஒன்றை விடவே மாட்டேன். லிட்டில் இந்தியாவை நாங்கள் தேக்கா என்போம். "ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போயிடாதீங்க, ஒரே கூட்டம்." இதைச் சொல்வது வேறு யாருமில்லை, நம் தமிழர்களே! அந்தக் கூட்டம் யார்? புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து, நீங்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிற கட்டடங்களுக்குக் கம்பி கட்டியவர்கள். வாரத்தில் ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, புல்லில் உட்கார்ந்து சொந்தக்காரனோடு நாலு வார்த்தை பேசுகிறார்கள். அவர்களைத் தவிர்க்கச் சொல்வதற்குப் பெயர் சுற்றுலா ஆலோசனையா? நாக்கு கூசவில்லையா? வெளியூரிலிருந்து வருகிறவரை நான் ஞாயிறு சாயங்காலம்தான் தேக்காவுக்குக் கூட்டிப் போவேன்.

அடுத்த மாதம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சைனாடவுனில் ஏ வாசலில் ஏறுங்கள். பகோடா தெருவில் கடைசி வரை நடங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.